கிண்ணத்துக்குள் பல்லாங்குழி

புனே மகர்பட்டா சிட்டியின் உள்சாலைகளில் வண்டியை விரட்ட முடியாது. அடுக்கடுக்காக வேகத்தடைகள், ஓரமாகச் சைக்கிள் பாதை, மர நிழலில் நடைபோகும் பெரியவர்கள். மணிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துதான் போக வேண்டும். என் பைக்கில் கோளாறு இருப்பதை அந்த ஊர்தல்தான் முதலில் காட்டிக் கொடுத்தது.

ஹேண்டிலை இடப்பக்கம் மெல்லத் திருப்பினால் முதலில் அசையாது. சற்று அழுத்தினால் தேவைக்கு மேல் திரும்பிவிடும். அதைச் சரிசெய்ய வலப்பக்கம் திருப்பினால் அங்கும் அதே கதை. நேராகப் போக வேண்டிய வண்டி பாம்பு போல நெளிந்தது. முன் பிரேக்கைப் பிடித்தால் எங்கோ கழுத்துக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு தட்டல். டயரில் காற்று சரியாக இருந்தது. வீலும் நேராகத்தான் ஓடியது.

ஹடப்சரில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினார். பின்பக்கத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொன்னார். இரண்டே விரலால் ஹேண்டிலை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்துவிட்டு, “தாதா, கோன்செட் கேலாய்” என்றார். எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மதுரையாக இருந்தால் “கோன்செட் போச்சுண்ணே” என்றிருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டிலேயே பிரித்து மாற்றுவது என்று முடிவு செய்தேன். பிரித்தபோது கண்ட காட்சி என்னை வெகுநேரம் உட்கார வைத்துவிட்டது. ஓடி ஓடித் தேய்ந்த பொருள்களைப் பார்த்திருக்கிறேன். ஓடாததாலேயே வீணாகிப்போன இரும்பை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

ஆட்டுக்கல்லும் கோன்செட்டும்

பைக்கின் முன்பக்கத்தில், பெட்ரோல் டேங்குக்குச் சற்று முன்னால், சட்டத்தோடு பற்றவைக்கப்பட்ட ஒரு குட்டைக் குழாய் சாய்வாக நிற்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தண்டு இந்தக் குழாய்க்குள் நுழைந்து மேலே வந்து ஒரு நட்டில் முடிகிறது. குழாயின் மேல்வாயில் ஒன்று, கீழ்வாயில் ஒன்று என இரண்டு கிண்ணங்கள் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். தண்டில் அவற்றுக்கு இணையாக இரண்டு கூம்புகள். கிண்ணத்துக்கும் கூம்புக்கும் இடையே வட்டமாக எஃகுக் குண்டுகள். எல்லாம் சேர்ந்ததுதான் கோன்செட்.

ஆட்டுக்கல்லை நினைத்துக்கொண்டால் போதும். குழி கிண்ணம், குழவி கூம்பு. இரண்டும் ஒன்றையொன்று உரசாமல் இருக்க நடுவில் குண்டுகள் உருள்கின்றன. நம் சைக்கிளிலும் இதே அமைப்புதான். சைக்கிளை ஓவராயிலுக்கு விட்டால், கடைக்காரர் ஹேண்டிலைக் கழற்றிக் குண்டுகளை ஒரு தட்டில் கொட்டி மண்ணெண்ணெயில் அலசுவார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் பைக்கின் கோன்செட்டையும் பாதி பார்த்தவர்கள்.

தண்டு செங்குத்தாக இல்லாமல் பின்பக்கம் சாய்ந்திருப்பதற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான பைக்குகளில் இந்தச் சாய்வு 24 முதல் 28 டிகிரி வரை இருக்கும். சாய்ந்த தண்டின் கோட்டைத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் முன்னால் போய் விழும். அதாவது திரும்பும் அச்சுக்குப் பின்னால்தான் டயர் தரையைத் தொடுகிறது. மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறுசக்கரங்கள் தள்ளும் திசைக்குத் தாமாகத் திரும்பிக்கொள்வது இந்த அமைப்பால்தான். பைக்கின் முன்சக்கரமும் அப்படித் தானாக நேராகிக்கொள்ளப் பார்க்கும். ஆனால் அதற்குக் கழுத்து தடையின்றித் திரும்ப வேண்டும்.

உருண்டும் உருளாத குண்டு

முன்சக்கரத்தின் நடுவே இருக்கும் பேரிங், வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 500 முறைக்கு மேல் சுற்றிவிடும். 10,000 கிலோமீட்டரில் 50 லட்சம் சுற்று. கோன்செட்டோ வாழ்நாள் முழுவதும் ஒரு முழுச்சுற்றுகூடச் சுற்றுவதில்லை. ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒடித்தாலும் கால் வட்டத்தை எட்டுவதே அரிது. அதுவும் வண்டியை நிறுத்தும்போதுதான். சாலையில் ஓடும்போது ஹேண்டில் நடுவிலிருந்து இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் திரும்புவது குறைவு.

குண்டுகள் நகரும் தூரம் அதைவிடவும் சிறியது. மேஜைமேல் ஒரு பென்சிலைப் படுக்க வைத்து, அதன்மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்துத் தள்ளிப் பாருங்கள். நோட்டு 10 சென்டிமீட்டர் போனால் பென்சில் 5 சென்டிமீட்டர்தான் போகும். நடுவில் உருளும் எதுவும் பாதி தூரமே போகிறது. ஹேண்டில் 2 டிகிரி திரும்பினால் குண்டு 1 டிகிரிதான் நகரும். குண்டுகள் நிற்கும் வட்டத்தின் ஆரம் 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த 1 டிகிரிக்கு வரும் தூரம் ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர்.

குண்டு கிண்ணத்தைத் தொடும் இடத்தின் அகலமும் ஏறக்குறைய இவ்வளவுதான். அப்படியென்றால் நாள் முழுக்க ஓட்டினாலும் குண்டு தன் காலடித் தடத்தை விட்டு வெளியே வருவதில்லை. பேரிங்கின் நோய்கள் அத்தனையும் இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கின்றன.

கண்ணாடி வில்லையில் தொடங்கிய கணக்கு

ஓர் உருண்டை சமதளத்தை ஒரே ஒரு புள்ளியில் தொடும் என்று பள்ளியில் படித்தோம். புள்ளிக்குப் பரப்பு இல்லை. பரப்பே இல்லாத இடத்தில் எடையை வைத்தால் அழுத்தம் எல்லையில்லாமல் ஏற வேண்டும், எந்த எஃகும் பொடியாக வேண்டும். அப்படி நடக்காதது ஏன்?

1880 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பெர்லினில் 23 வயது இளைஞர் ஒருவர் இதற்கு விடை கண்டார். அவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். பிற்காலத்தில் வானொலி அலைகளைக் கண்டறிந்தவர், அதிர்வெண்ணின் அலகுக்குப் பெயர் தந்தவர். ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திய கண்ணாடி வில்லைகளுக்கு இடையே தோன்றும் ஒளி வளையங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அழுத்தத்தில் கண்ணாடியே சற்று நசுங்குமே என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. தொடும் இடத்தில் இரு பொருள்களும் மிக லேசாகத் தட்டையாகி ஒரு சிறு வட்டமாகப் படிகின்றன என்றும், அந்த வட்டத்தின் அளவு இவ்வளவு என்றும் சமன்பாடுகளாக எழுதினார். 1881-ல் வெளிவந்த அந்தக் கணக்கைத்தான் இன்றுவரை உலகின் பேரிங் பொறியாளர்கள் கையாள்கிறார்கள்.

கால் அங்குல விட்டமுள்ள ஓர் எஃகுக் குண்டை எஃகுத் தகட்டின்மேல் வைத்து 10 கிலோ எடையால் அழுத்துவோம். ஹெர்ட்ஸின் கணக்குப்படி தொடும் வட்டத்தின் விட்டம் கால் மில்லிமீட்டர். அதன் நடுவில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 டன். விரல்நகம் அளவு இடத்தில் ஆறு யானைகளை ஏற்றி நிறுத்துவதற்குச் சமம். கிண்ணத்தில் குண்டு உட்காரும் தடம் தட்டையாக இல்லாமல் குழிவாக இருப்பதால் நடைமுறையில் இந்த அழுத்தம் குறையும். அதற்காகத்தான் அந்தக் குழிவே.

குண்டு பேரிங் நின்ற நிலையில் எவ்வளவு சுமை தாங்கலாம் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 76 என்ற சர்வதேசத் தரநிலை ஒரு வரம்பு வைத்திருக்கிறது. தொடும் இடத்தின் அழுத்தம் 4,200 மெகாபாஸ்கல். அந்த அளவில் குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆழத்துக்கு நிரந்தரமாகப் பள்ளம் விழும். கால் அங்குலக் குண்டுக்கு அது தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் பேரிங்கின் ஓட்டத்தில் தெரிய ஆரம்பிக்கும்.

பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதும் வேகத்தடையில் அடிக்கும்போதும் இந்த வரம்பு சோதிக்கப்படுகிறது. அப்படி அடிபட்டு விழும் பள்ளத்துக்கு ஸ்வீடன் நாட்டு இரும்பாலைப் பொறியாளர் யோஹான் அவுகுஸ்ட் பிரினெல்லின் பெயர் நிலைத்துவிட்டது. 10 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை 3,000 கிலோ விசையால் உலோகத்தில் அழுத்தி, விழும் குழியின் அகலத்தைக் கொண்டு அதன் கடினத்தன்மையை அளக்கும் முறையை 1900-ல் அவர் அறிமுகப்படுத்தினார். அவர் வேண்டுமென்றே போட்ட குழியை நம் சாலைகள் வேண்டாமலே போடுகின்றன.

ரயிலில் வந்த கார்களின் பாடம்

ஆனால் என் கோன்செட்டில் கண்ட பள்ளங்கள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல என்பது துடைத்துப் பார்த்தபோது தெரிந்தது.

கீழ்க் கிண்ணத்தில் பழைய கிரீஸ் சாக்லெட் நிறத்தில் இறுகிப்போயிருந்தது. அதை வழித்து, டீசலில் நனைத்த துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். குண்டுகள் ஓடும் வளையத்தில், முன்பக்கமும் பின்பக்கமும், வரிசையாக மங்கிய நீள்வட்டப் புள்ளிகள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எஃகு இன்னும் கண்ணாடி போல மின்னியது. பால்பாயின்ட் பேனாவின் முனையை வளையத்தில் வைத்து மெல்ல இழுத்தேன். ஒவ்வொரு புள்ளியிலும் முனை ‘டிக்’ என்று விழுந்து ஏறியது. பல்லாங்குழிப் பலகைதான். குண்டு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குழி வெட்டிக்கொண்டு சோழிபோல உட்கார்ந்திருந்தது.

குழிகளின் ஓரத்தில் துருப்பொடி போலச் செம்பழுப்புத் தூள். தண்ணீர் பட்ட துரு என்றால் பரவலாக இருக்கும். இது குண்டு நின்ற இடங்களில் மட்டும் இருந்தது. பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, வளையத்தின் மற்ற இடங்களில் தெரிந்த தீட்டல் கோடுகள் குழிக்குள் முற்றிலும் அழிந்திருந்தன. அடிபட்டு அமுங்கிய குழியாக இருந்தால், துணியை அமுக்கினாலும் அதன் நெசவு தெரிவதுபோல, அந்தக் கோடுகள் குழியின் அடியிலும் தெரியும். இங்கே கோடுகள் இல்லை. ஆக இது அடிபட்ட இடமில்லை, அரிக்கப்பட்ட இடம்.

இந்த வேறுபாட்டை உலகம் கற்றது 1930-களில், அமெரிக்காவில். டெட்ராய்ட்டில் செய்த புத்தம்புதுக் கார்களை ரயிலில் ஏற்றித் தொலைதூர ஊர்களுக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த கார்களில், ஒரு மைல்கூட ஓடாத சக்கரங்களின் பேரிங்குகள் கெட்டுப்போயிருந்தன. ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வாளர் ஜே. ஓ. ஆல்மென் 1937-ல் இதை விளக்கினார். ரயில் பெட்டி நாள்கணக்கில் அதிர்கிறது. சக்கரமோ சுற்றுவதில்லை. நின்ற இடத்திலேயே குண்டு நூலிழை அளவு முன்னும் பின்னும் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் நடுவிலிருக்கும் கிரீஸை ஓரத்துக்குத் தள்ளுகிறது. சுற்றும் பேரிங்காக இருந்தால் அடுத்த நொடியே குண்டு புது இடத்துக்குப் போய்விடும், பழைய இடத்தில் கிரீஸ் மீண்டும் படியும். நின்ற பேரிங்கில் அது நடக்காது. எஃகும் எஃகும் நேருக்கு நேர் உரசி, மேல்தோல் துகளாக உதிர்ந்து, காற்றில் ஆக்சைடாகிச் செம்பழுப்புத் தூளாகிறது. அந்தத் தூள் எஃகைத் தேய்க்கும் உப்புத்தாள் ஆகிறது.

நம் கோன்செட்டின் வாழ்க்கை முழுவதுமே அந்த ரயில் பயணம்தான். எஞ்சின் அதிர்வும் சாலை அதிர்வும் ஓயாமல் வந்துகொண்டிருக்க, குண்டு இருந்த இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கிறது.

பிரேக்கும் நெம்புகோலும்

பிரேக் பிடிக்கும்போது கேட்ட ‘டக்’ சத்தத்துக்கும் கணக்கு உண்டு. முன்சக்கரமும் ஃபோர்க்கும் சேர்ந்து ஒரு நீண்ட நெம்புகோல். தரையிலிருந்து கீழ்க் கிண்ணம் வரை சுமார் 65 சென்டிமீட்டர். இரண்டு கிண்ணங்களுக்கும் இடைவெளி சுமார் 16 சென்டிமீட்டர். ஒன்றுக்கு நான்கு என்ற விகிதம். டயரில் 70 கிலோ விசை பின்னோக்கித் தள்ளினால் மேல் கிண்ணத்தில் ஏறத்தாழ 280 கிலோ விழும். கீழ்க் கிண்ணம் இரண்டையும் கூட்டி 350 கிலோவைத் தாங்கும். பெரும்பாலும் கீழ்க் கிண்ணம் முதலில் கெடுவது இதனால்தான். வண்டியின் எடையும் சாலையின் அடியும் அதன்மேல்தான் முதலில் விழுகின்றன. டயர் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் அதற்குத்தான் அருகில் இருக்கின்றன.

ஃபோர்க் சாய்ந்திருப்பதால், சாதாரணமாக ஓடும்போது வண்டியின் எடை சக்கரத்தை முன்னோக்கித் தள்ளப் பார்க்கும். பிரேக் பிடித்ததும் திசை தலைகீழாகி, சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. கோன்செட்டில் இடைவெளி இருந்தால், தண்டு முன்சுவரை விட்டுப் பின்சுவரில் போய் மோதும். அதுதான் அந்த ‘டக்’. ஒவ்வொரு மோதலும் குழியை இன்னும் ஆழமாக்கும்.

துடைப்பக்குச்சியும் சமநிலையும்

உள்ளங்கையில் துடைப்பக்குச்சியைச் செங்குத்தாக நிறுத்திச் சிறுவயதில் விளையாடியிருப்போம். குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் அது நிற்கும். இருசக்கர வண்டியும் அப்படித்தான் நிற்கிறது. இடப்பக்கம் சாய ஆரம்பித்தால் முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பி, சாயும் உடலுக்கு அடியில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஓட்டுபவரின் கைகள் பாதியைச் செய்கின்றன. மீதியைச் சாய்ந்த தண்டும் சக்கரமும் தாமாகவே செய்கின்றன. நொடிக்கு நொடி நடக்கும் இந்தத் திருத்தங்கள் ஒவ்வொன்றும் ஒரு டிகிரிக்கும் குறைவானவை.

குழிவிழுந்த கோன்செட் இதைத்தான் கெடுக்கிறது. நேராகப் போகும் நிலையில்தான் குண்டுகள் அதிக நேரம் நின்றன, அங்கேதான் குழியும் விழுந்தது. ஹேண்டில் நடுவுக்கு வரும்போதெல்லாம் குண்டுகள் குழிக்குள் விழுந்து பூட்டிக்கொள்கின்றன. சின்னத் திருத்தத்துக்கு அவை அசையாது. குழியின் கரையைத் தாண்டும் அளவு விசை கொடுத்தால்தான் வெளியே வரும், வந்ததும் வேண்டியதைவிட அதிகம் ஓடிவிடும். மெதுவாகப் போகும்போது என் வண்டி நெளிந்ததற்கு இதுவே காரணம். வேகமாகப் போகும்போது, அதுவும் மழையில், வளைவில், கோன்செட் தளர்ந்திருந்தால் ஹேண்டில் தானாக இருபக்கமும் உதறத் தொடங்கும். உயிர் போகிற விஷயம் அது.

விரலால் பார்க்கும் மூன்று சோதனைகள்

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்துங்கள். முதல் சோதனை: ஹேண்டில் முனையை ஒற்றை விரலால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்லத் தள்ளுங்கள். நடுவில் எங்காவது ‘உட்காருகிறதா’ என்று விரலுக்குத் தெரியும். இரண்டாவது: ஹேண்டிலை நடுவில் நிறுத்தி லேசாகத் தட்டிவிடுங்கள். தன் எடையிலேயே சரிந்து கோடி வரை போக வேண்டும். போகாமல் இடையில் நின்றால் மிகை இறுக்கம் அல்லது காய்ந்த கிரீஸ். கேபிளும் வயரும் இழுத்துப் பிடிக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். மூன்றாவது: ஃபோர்க்கின் இரு கால்களையும் கீழ்ப்பகுதியில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கூட ஒருவர், கழுத்துக் குழாயும் ஃபோர்க்கும் சேரும் இடுக்கில் விரல் வைத்துப் பார்க்கட்டும். அந்த இடுக்கில் ஆட்டம் தெரிந்தால் கோன்செட். அங்கே தெரியாமல் ஃபோர்க்கின் கால்களுக்குள்ளேயே ஆட்டம் இருந்தால் கோளாறு ஃபோர்க்கின் புஷ்ஷில்.

வீட்டில் பிரிக்கும்போது

கார் பார்க்கிங்கில் பழைய பெட்ஷீட்டை விரித்து வேலையைத் தொடங்கினேன். எஞ்சினுக்கு அடியில் மரப்பலகை வைத்து ஜாக்கியால் தாங்கல் கொடுத்தேன். சென்டர் ஸ்டாண்டை மட்டும் நம்பினால், முன்பக்க எடை குறையும்போது வண்டி நிலைமாறிவிடும். முன்வீல் கழன்றதும் பிரேக் காலிப்பரைக் கம்பியால் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டேன். அதன் எடை ஹோஸில் தொங்கக் கூடாது. டிஸ்க் இல்லாதபோது பிரேக் லீவரை அழுத்தவும் கூடாது. ஏ.பி.எஸ். உள்ள வண்டியானால் சென்சார் வயரையும் முதலில் விடுவிக்க வேண்டும். எந்த வயர் எந்த வழியாகப் போகிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மேல் நட்டையும் ஹேண்டில் தாங்கும் மேல்தட்டையும் எடுத்தால், பல்வெட்டிய ஒரு வளைய நட்டு தெரியும். இதைத் திருப்ப சி ஸ்பேனர் வேண்டும். உளியை வைத்துத் தட்டித் திருப்புவது பரவலான பழக்கம். அதில் நட்டின் பல் உடைவதோடு, எவ்வளவு இறுக்குகிறோம் என்ற உணர்வும் கைக்குக் கிடைக்காது. நட்டு கழலும்போது ஒரு கை ஃபோர்க்கைத் தாங்கியிருக்க வேண்டும். தாங்காவிட்டால் ஃபோர்க் சரிந்து குண்டுகள் நாலாபக்கமும் சிதறும். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்வது நல்லது.

பழைய கிண்ணத்தில் புதுக் குண்டுகளை மட்டும் போட்டு மூடுவதும் உண்டு. அதனால் பயனில்லை, குழி கிண்ணத்தில் இருக்கிறது. புதுக் குண்டுகளோடு பழையவற்றைக் கலப்பதும் தவறு. தேய்ந்த குண்டு அளவில் சிறுத்திருக்கும், சுமை முழுவதும் பெரிய குண்டுகளின் மேலேயே விழும். செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

புது செட் வாங்க நானா பேட் போனேன். புனேயின் வாகன உதிரிபாகங்களுக்குப் பேர்போன பேட்டை அது. ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோ, சிஞ்ச்வட்டில் எஸ்.கே.எஃப். பேரிங் ஆலை என்று இருசக்கர வாகனமும் பேரிங்கும் சேர்ந்து வளர்ந்த ஊர் இது. குண்டுகளுக்குப் பதில் கூம்பு வடிவ உருளைகள் கொண்ட டேப்பர் பேரிங்கும் சில வண்டிகளுக்குக் கிடைக்கும். அமெரிக்காவில் குதிரைவண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன் 1898-ல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. குண்டு புள்ளியில் தொடும், உருளை கோட்டில் தொடும். சுமை அதிக இடத்தில் பரவுவதால் குழி விழ நாளாகும். ஆனாலும் கிரீஸ் வற்றினால் அதற்கும் இதே கதிதான்.

பழைய கிண்ணத்தை உள்ளிருந்து நீளமான கம்பியால், எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறித் தட்டி வெளியேற்ற வேண்டும். புதிய கிண்ணங்களை முந்தின இரவே ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு, அறை வெப்பத்திலிருந்து மைனஸ் 18 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 0.028 மில்லிமீட்டர் சுருங்கும். அழுத்திப் பொருத்தும் கிண்ணத்துக்கும் குழாய்க்கும் உள்ள இறுக்கமும் இதே அளவில்தான் இருக்கும். எனவே அந்தச் சுருக்கம் பெரிய உதவி. பழைய கிண்ணத்தைப் புதியதன் மேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தட்டினால் புதிய தடத்தில் அடி படாது. கிண்ணம் இறங்க இறங்க ‘டொக், டொக்’ என்றிருந்த சத்தம், அடியில் போய் உட்கார்ந்ததும் ‘டங்’ என்று கெட்டியாக மாறும். அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

வண்டி மை

அடுத்தது கிரீஸ். இன்று மகர்பட்டா சிட்டி நிற்கும் ஏறத்தாழ 400 ஏக்கரும் ஒருகாலத்தில் விவசாய நிலம். சுமார் 120 விவசாயக் குடும்பங்கள், சதீஷ் மகரின் முன்முயற்சியில், நிலத்தை விற்றுவிட்டுப் போகாமல் பங்காகச் சேர்த்து இந்த ஊரை எழுப்பினார்கள். அந்த வயல்களில் ஓடிய மாட்டுவண்டிகளின் அச்சுக்குப் போட்டதை மராத்தியில் ‘வங்கண்’ என்பார்கள். நம் ஊரில் அது வண்டி மை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த அந்த மையும் இன்றைய கிரீஸும் ஒரே எண்ணத்தின் இரண்டு வடிவங்கள்: எண்ணெய் ஒழுகிவிடக் கூடாது, வேண்டிய இடத்தில் தங்க வேண்டும்.

கிரீஸ் என்பது சோப்பு நார்களின் வலைக்குள் பிடித்து வைத்த எண்ணெய். கட்டித் தயிரில் ஒரு கரண்டி எடுத்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறி நிற்குமே, அப்படித்தான் குண்டு அழுத்தும்போது கிரீஸிலிருந்து எண்ணெய் கசிந்து தடத்தில் படிகிறது. 1942-ல் கிளாரன்ஸ் ஏர்ல் காப்புரிமை பெற்ற லித்தியம் சோப்பு கிரீஸ்தான் இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது. தண்ணீரையும் சூட்டையும் தாங்கும் தரமான லித்தியம் கிரீஸ் போதும். ஆனால் தாராளமாகப் போட வேண்டும். கிண்ணம் நிறைய அப்பி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தேன். கிரீஸே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அதிவேகத்தில் சுற்றும் பேரிங்கில் கிரீஸ் அதிகமானால் சூடேறும். சுற்றாத இந்தப் பேரிங்குக்கு அந்தப் பயமில்லை. மிகுந்த கிரீஸ் ஓரங்களில் பிதுங்கி நின்று தண்ணீருக்கு அணை போடும்.

கடைசி வேலைதான் நுட்பமானது: வளைய நட்டின் இறுக்கம். முதலில் சற்று இறுக்கி, ஹேண்டிலை இருபுறமும் பலமுறை திருப்பி, குண்டுகளை அவற்றின் தடத்தில் உட்கார வைத்தேன். பிறகு நட்டைத் தளர்த்தி, மீண்டும் மெல்ல, ஆட்டம் மறையும் வரை மட்டும் இறுக்கினேன். எத்தனை விசை என்பதற்கு வண்டியின் சர்வீஸ் கையேடுதான் அதிகாரம். ஃபோர்க்கில் ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்து, சில நூறு கிராம் விசையில் திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்லும் கையேடுகளும் உண்டு. மேல் நட்டை முறுக்கும்போது இறுக்கம் இன்னும் கூடும். ஆகவே எல்லாம் பூட்டிய பிறகு மூன்று சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டும். லூஸாக விட்டால் குண்டு மோதும். அதிகம் இறுக்கினால் எண்ணெய்ப் படலம் நசுங்கி, வண்டியும் நெளியும். 300 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும், புதுக் கிண்ணங்கள் இன்னும் சற்றே படிந்திருக்கும். முதல்முறை செய்கிறவர்கள் சாலையில் இறங்குமுன் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது. பிரேக்கும் ஹேண்டிலும் சந்தேகத்தோடு ஓட்டக்கூடியவை அல்ல.

மழைக்குப் பிறகு

புனேயில் ஜூனில் தொடங்கும் மழை செப்டம்பர் வரை பெய்யும். சேறு அப்பிய வண்டியை வாட்டர் வாஷுக்கு விடுகிறோம். பீய்ச்சும் தண்ணீர் கழுத்து இடுக்கில் நேராகப் பாய்ந்தால், ஒரே கழுவலில் கிரீஸுக்குள் தண்ணீர் புகும். கழுவுபவரிடம் அந்த இடத்தைக் காட்டி, “அண்ணா, இங்க மட்டும் நேரா அடிக்காதீங்க” என்று ஒரு வார்த்தை சொல்வது கோன்செட்டுக்கு ஓராண்டு ஆயுள் தரலாம்.

மழை ஓய்ந்ததும் நமக்கு ஆயுத பூஜை வருகிறது. மகாராஷ்டிரத்தில் அதே நவமியைக் கண்டே நவமி என்று கொண்டாடி, மறுநாள் தசராவில் வண்டிகளுக்குச் செண்டுமல்லி மாலை போடுகிறார்கள். இரண்டு ஊர்களும் தம் கருவிகளின் முன் கைகூப்பும் அந்த நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையை நான் கோன்செட்டுக்கு ஒதுக்கிவிட்டேன். ஆண்டுதோறும் பிரிக்க வேண்டியதில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி, மூன்று சோதனைகளையும் செய்தால் போதும். ஆண்டெல்லாம் அசையாமல் சுமந்த குண்டுகளை ஹேண்டிலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பத்து முறை உருட்டினால், ஓரத்தில் ஒதுங்கிய கிரீஸும் கொஞ்சம் தடத்துக்குத் திரும்பும்.

அன்று எல்லாம் பூட்டி முடித்து, ஹேண்டிலை நடுவில் நிறுத்தி விரலை எடுத்தேன். சுண்டுவிரலால் தொட்டதும் அது இடப்பக்கம் சாயத் தொடங்கியது. எங்கும் தயங்காமல், சத்தமில்லாமல், கோடி வரை போய் நின்றது.